தங்கத்தின் இடுக்கில்



இந்த அறக்கட்டளை உரைக்கான அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு நினைவு வந்தது வேறோர் அறக்கட்டளை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஹென்றி பேக்கர் என்று ஒருவர் இருந்தார். நுண்ணோக்கி என்றால் அவருக்கு உயிர். ராயல் சொசைட்டிக்கு 100 பவுன் எழுதிவைத்துவிட்டுப் போனார். பவுன் என்றால் நமக்கு எட்டு கிராம் தங்கம். அவர்களுக்கு அது பணம். வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர் ஒருவர் இயற்கையைப் பற்றியோ பரிசோதனை அறிவியலைப் பற்றியோ ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. 1775இல் தொடங்கிய அந்த உரை இன்றும் நின்றுபோகவில்லை.

1857 பிப்ரவரி 5ஆம் தேதி அந்த உரை மைக்கேல் ஃபாரடேயுடையது. அவருக்கு அப்போது 65 வயது. மின்காந்தத்தில் உலகையே புரட்டிப்போட்டுவிட்ட மனிதர் அன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவு. தங்க உப்பைக் கரைத்த நீரில், கார்பன் டைசல்பைடில் கரைத்த பாஸ்பரஸைச் சிறிது சேர்த்தார். மஞ்சள் நீர் மாணிக்கச் சிவப்பாக மாறியது. உள்ளே இருப்பது தங்கம்தான், ஆனால் நுண்ணோக்கிக்கும் அகப்படாத அளவுக்குப் பொடிந்த தங்கம் என்று அவர் அனுமானித்தார். ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சினால், ஓட்டுக்கூரையின் பொத்தல் வழியே விழும் வெயிலில் தூசி தெரியுமே, அதுபோல அதன் பாதை மட்டும் துலங்கியது. அவர் செய்த குப்பிகளில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கின்றன.

அதே உரையில் இன்னொன்றும் சொன்னார். சிவப்பு நீரில் கொஞ்சம் சாதாரண உப்பைப் போட்டால் அது நீலமாகிவிடும். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. துகள்கள் ஒன்று சேர்வதால் இருக்கலாம் என்ற அளவில் விட்டுவிட்டார். இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அந்த உப்பைப் பற்றித்தான் என்று சொன்னால் மிகை இல்லை. இந்த மேசையில் இரண்டு குப்பிகள் வைத்திருக்கிறேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டிலும் ஒரே தங்கம், ஒரே அளவு.

கதையின் மறுபாதி நம் ஊரில் தொடங்குகிறது. 1888இல் இதே திருச்சியில், திருவானைக்காவலில் தாத்தா வீட்டில் பிறந்தார் சி.வி. ராமன். கூட வேலைபார்த்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். கல்கத்தா பவுபஜார் தெருவில், ஒரு திரவத்தின் மேல் சூரிய ஒளியைக் குவித்து, சிதறி வரும் ஒளியில் நிறம் மாறிய ஒரு சிறு பங்கு இருப்பதைக் கண்டார்கள். கருவிகள் என்ன? ஒரு தொலைநோக்கி வில்லை, சில வண்ணக் கண்ணாடிகள், மனிதக் கண். 1928 பிப்ரவரி 28. அந்தத் தேதிதான் நாம் கொண்டாடும் தேசிய அறிவியல் நாள். இரண்டே ஆண்டில், 1930இல், நோபல் பரிசு வந்தது.

ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுத் திரும்பும்போது அந்த மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருகிறது. எவ்வளவு கொடுத்தது என்று அளந்தால் மூலக்கூறு இன்னதென்று தெரிந்துவிடும். பென்சீன் வளையம் விரிந்து சுருங்கும்போது ஒரு கோடு, அலை எண் 992இல். அது பென்சீனின் கைரேகை. மருந்து, நஞ்சு, சாயம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் இப்படி ரேகை உண்டு. கரைக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம்; வெளிச்சம் போட்டால் போதும்.

பிறகு ஏன் இந்த முறை கடைத்தெருவுக்கு வரவில்லை? மிகவும் மெலிந்த ஒளி என்பதால். ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகள் போனால் ஒன்றுதான் இப்படி நிறம் மாறித் திரும்புகிறது. குப்பி நிறைய சுத்தமான பென்சீன் இருந்தால் கவலை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் பூச்சிமருந்து கலந்திருந்தால்? திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்பது போலத்தான். ராமனும் கிருஷ்ணனும் அவ்வளவு மெலிந்த ஒளியைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் ஆய்வகத்தில் குளிரூட்டிய உணரி இல்லாமல் யாரும் அதன் பக்கம் போவதில்லை.

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மேன், பேட்ரிக் ஹெண்ட்ரா, ஜேம்ஸ் மெக்வில்லன் மூவரும் வெள்ளி மின்முனை ஒன்றில் ஒட்டியிருந்த பிரிடின் மூலக்கூறின் ராமன் நிறமாலையை எடுக்கப் பார்த்தார்கள். பரப்பில் ஒட்டியது ஒரே அடுக்கு; அதில் எங்கே ஒளி தெரியப்போகிறது? அதனால் வெள்ளியை மின்சாரத்தால் மாறி மாறி அரித்தும் படியவைத்தும் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் ஒட்டுகிற மூலக்கூறும் கூடும் என்பது எண்ணம். ஒளி வந்தது, நன்றாகவே வந்தது. எதிர்பார்த்தது நடந்துவிட்டதே என்று அப்படியே எழுதி வெளியிட்டார்கள்.

கணக்குப் பார்த்தவர்கள் வேறு இரண்டு குழுவினர். 1977இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைன், டேவிட் ஜீன்மேர். அதே ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன். சொரசொரப்பால் பரப்பு கூடியது கொஞ்சம்தான். ஒளி கூடியதோ லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு. ஆக, மூலக்கூறு அதிகமானதால் அல்ல, ஒவ்வொரு மூலக்கூறும் உரக்கப் பேசியதால் வந்த ஒளி. மேற்பரப்பால் பெருகும் ராமன் சிதறல் என்று அதைச் சொல்லலாம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘செர்ஸ்’ என்பதுதான் ஆய்வகப் பேச்சு. நானும் அப்படியே சொல்கிறேன்.

ஃபிளைஷ்மேன் பெரிய மின்வேதியியலாளர். அதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1974இல் கையில் கிடைத்த நிஜமான அதிசயத்துக்குச் சாதாரணக் காரணம் சொன்னார். 1989இல் குளிர்ந்த அணுக்கரு இணைவு என்று உலகமே திரும்பிப் பார்க்க அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது கிடைக்கவில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பையனாவது கேட்பான், “முதல் தடவையே கணக்குப் போட்டிருக்கலாமே சார்?” போட்டிருக்கலாம்தான். ஆனால் எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் நம்மில் எத்தனை பேர் மறுபடி கணக்குப் போடுகிறோம்?

ஒளி ஏன் பெருகுகிறது? இடுப்பில் குடத்தோடு நடந்தவர்களுக்கு இது புரியும். நடையின் தாளமும் குடத்து நீர் அலம்பும் தாளமும் ஒத்துப்போய்விட்டால் நீர் தளும்பிச் சேலையை நனைத்துவிடும். உலோகத் துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் குடத்து நீர். ஒளியின் அதிர்வு நம் நடை. இருபது நானோமீட்டர் தங்க உருண்டைக்கு அந்தத் தாளம் 520 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில், ஒத்துப்போகிறது. பச்சையை எடுத்துக்கொண்டு சிவப்பை விட்டுவிடுகிறது. ஃபாரடேயின் குப்பி சிவந்தது அதனால்தான். இதை முழுக் கணக்காக எழுதிக்காட்டியவர் குஸ்டாவ் மீ, ஆண்டு 1908. இந்த அலம்பலுக்கு இன்றைய பெயர் பிளாஸ்மான்.

அலம்பும் எலெக்ட்ரான்கள் துகளின் ஓரத்தில் மின்புலத்தைக் குவிக்கின்றன. அங்கே ஒட்டியிருக்கும் மூலக்கூறுக்கு வழக்கத்தைவிட வலுத்த ஒளி கிடைக்கிறது. அது திருப்பி அனுப்பும் ஒளியையும் அதே துகள் ஒலிபெருக்கி போலப் பெருக்கி அனுப்புகிறது. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். அதனால் புலம் பத்து மடங்கானால் ராமன் ஒளி பத்தாயிரம் மடங்கு. புலம் நூறு மடங்கானால் பத்துக் கோடி மடங்கு. நான்காம் படி என்பார்கள். இந்த நான்காம் படிதான் இத்துறையின் வரமும் சாபமும். சாபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தனி உருண்டை ஒன்றின் ஓரத்தில் கிடைக்கும் பெருக்கம் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொடாமல், ஒன்று இரண்டு நானோமீட்டர் இடைவெளியில் நின்றால்தான் கதையே மாறுகிறது. நம் தலைமுடியின் தடிமன் எழுபது எண்பதாயிரம் நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த இடுக்கு எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அகன்று வந்த காவிரி மேகதாட்டுவில், ஆடு தாண்டும் அகலத்துக்குப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கும்போது எப்படிச் சீறுகிறது! ஒளியும் அந்த இடுக்கில் அப்படித்தான் ஒடுங்குகிறது. ஆங்கிலத்தில் ஹாட் ஸ்பாட் என்கிறார்கள். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் வகுப்பில் ‘ஒளிமடு’ என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இனிச் செய்முறை. எளிய வழி 1951இல் டர்கெவிச்சும் கூட்டாளிகளும் எழுதியது. 1973இல் ஃபிரென்ஸ் அதில் அளவுகளை நிர்ணயித்தார். நூற்றில் 0.01 பங்கு தங்கக் குளோரைடு கரைந்த நீர் 50 மில்லிலிட்டர். கொதிக்கவிட்டு, சோடியம் சிட்ரேட்டின் ஒரு சதவீதக் கரைசலில் 1 மில்லிலிட்டரை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். முதலில் வெளிர்மஞ்சள் மறைந்து நீர் தெளிகிறது. ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு மழைமேகச் சாம்பல், அடுத்து கத்தரிப்பூ நிறம், அப்புறம் மெல்ல மெல்ல நாவற்பழச் சாறு தெளிந்து திராட்சை ரசமாவது போலச் சிவப்பு. முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். சாம்பலிலிருந்து சிவப்புக்குப் போகிற அந்த நேரத்தில் யாராவது பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கிடைக்கிற துகள் 16 நானோமீட்டர். சிட்ரேட்டை 0.3 மில்லிலிட்டராகக் குறைத்தால் துகள் பெருத்து 70 ஆகிவிடும். சிட்ரேட் கூடினால் துகள் சிறுக்கும் என்பது பலருக்கு முதலில் தலைகீழாகப் படும். முளை நிறைய விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தங்கம் குறையும், அவ்வளவுதான். பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழும் பாயசம் குறைவதில்லையா?

இந்தக் குப்பியில் 100 மில்லிலிட்டர் இருக்கிறது. இதிலுள்ள தங்கம் சுமார் 5 மில்லிகிராம், நகைக்கடைக் கணக்கில் ஒரு குண்டுமணி எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அது எத்தனை துகளாகி நிற்கிறது என்று கணக்குப் போட்டால் நூறு லட்சம் கோடிக்கு மேல் வருகிறது. பட்டறைத் தெருவில் மண் அரித்துத் தங்கம் எடுப்பவர்களுக்குக்கூட இது அகப்படாது.

பட்டறைக்காரர்கள் அறிந்த ராஜதிராவகம் எங்களுக்கும் வேண்டும். ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. நகைக்காரர் அதில் தங்கத்தைக் கரைக்கிறார். நாங்கள் அதில் கண்ணாடிக் குடுவையைக் கழுவுகிறோம். ஒருமுறை, நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், அவசரத்துக்குச் சோப்புப் போட்டு அலசியதோடு நிறுத்திவிட்டேன். சிட்ரேட் ஊற்றியதும் சிவப்பு வரவில்லை. கருநீலமாகக் கலங்கி, குடுவையின் உட்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தங்கம் படிந்துவிட்டது. முந்தைய முறை விட்டுப்போன துகள் ஏதோ ஒட்டியிருந்து, புதுத் தங்கம் முழுவதும் அதைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டது. அழகாகத்தான் இருந்தது, ஒரு மாத உபகாரச் சம்பளம் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. கையில் தங்கக் குளோரைடு பட்டால் மறுநாள் விரல் ஊதாவாகிவிடும், நாலைந்து நாள் போகாது. தேர்தல் மை என்று வீட்டில் சமாளித்தவர்களும் உண்டு.

சரி, நல்ல சிவப்புக் கூழ்மம் கிடைத்துவிட்டது. அதில் கண்டுபிடிக்க வேண்டிய பொருளைப் போட்டு லேசரைப் பாய்ச்சினால்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முதலாண்டு மாணவர்கள் இங்கேதான் மனம் உடைவார்கள். துகள்கள் அத்தனையும் ஒரே அளவு, ஒரே உருவம், நிறமாலையில் ஒரே அழகான முகடு, ஆனால் ஊமை. காரணம், சிட்ரேட் ஒவ்வொரு துகளையும் எதிர்மின் போர்வையால் மூடியிருக்கிறது. போர்வைகள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் நெருங்குவதில்லை. நெருங்காததால் இடுக்கு இல்லை. இடுக்கு இல்லாததால் ஒளிமடு இல்லை.

அப்போதுதான் உப்பு வருகிறது. உப்பின் அயனிகள் அந்த விலக்கலை மறைத்துவிடுகின்றன. துகள்கள் ஒட்டத் தொடங்குகின்றன. எலெக்ட்ரான்கள் சேர்ந்து அலம்புவதால் தாளம் செம்மைப் பக்கம் நகர்கிறது. சிவப்பை எடுத்துக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. ஃபாரடே பார்த்த நீலம் இதுதான். கூழ்மம் கெட்டுப்போகிறது, கெட்டுப்போகிற அந்தச் சில நிமிடங்களில்தான் இடுக்குகள் பிறந்து, மூலக்கூறுகள் அவற்றில் சிக்கி, திரையில் கோடுகள் எழும்புகின்றன. கொஞ்சம் பொறுத்தால் கருப்பு மண்டியாக அடியில் தங்கிவிடும், கோடுகளும் போய்விடும். எவ்வளவு உப்பு, எத்தனை நிமிடம் என்பதில்தான் சமையல். ஒரே குப்பியிலிருந்து காலையில் எடுத்த நிறமாலையும் மாலையில் எடுத்ததும் பொருந்தாமல், இருவர் நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளி இன்னும் நன்றாகப் பெருக்குமே, ஏன் தங்கம் என்று கேட்பீர்கள். உண்மைதான், பெருக்கத்தில் வெள்ளிக்குத்தான் முதலிடம். ஆனால் கொலுசு கறுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளிப் பரப்பு மாறிவிடும். தங்கம் அப்படியே இருக்கும். கந்தகம் உள்ள மூலக்கூறுகளைத் தங்கமும் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தன் நிறத்தை விட்டுக்கொடுக்காது. பச்சையிலும் நீலத்திலும் தங்கம் ஒளியை விழுங்கிவிடுவதால் சிவப்பு லேசரோ, கண்ணுக்குச் சற்று அப்பாலுள்ள 785 நானோமீட்டர் லேசரோ தேவை. அதிலும் ஒரு லாபம்: அந்த ஒளியில் மாதிரிகள் தாமாக ஒளிர்ந்து தொல்லை செய்வது குறைவு.

உருண்டையோடு நிற்கவில்லை மனிதர்கள். நீண்ட கோல், கூர்முனை நட்சத்திரம், முக்கோணத் தகடு என்று தங்கத்தை வளர்த்துப் பார்த்தார்கள். கூர்முனையில் புலம் குவியும் என்பது இடிதாங்கி வைத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தங்கக் கோல் வளர்க்கும் முறையை 2001 வாக்கில் கேத்தரின் மர்ஃபி குழு எழுதியது. 2003இல் நிகூபக்த், எல்-சையத் இருவரும் வெள்ளி நைட்ரேட் சேர்த்து அதைச் செம்மை செய்தார்கள். சிறு விதைத் துகளைப் போட்டு, சீட்டாப் என்ற சோப்புப் பொருளின் கரைசலில் வளர்க்க வேண்டும். ஏசி அறையில் அந்தக் கரைசல் பனிக்கட்டிபோல் படிகமாகிவிடும். எங்கள் ஊர் வெக்கைதான் அதற்குச் சௌகரியம். இந்த முறையில் ஒரு மர்மம் இருந்தது. ஒரு ஆய்வகத்தில் கோல் வரும், இன்னொன்றில் அதே செய்முறையில் உருண்டை மட்டுமே வரும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கோர்கல் குழு வெவ்வேறு கம்பெனி சீட்டாப் பொட்டலங்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தது. வில்லன், மிகச் சிறிதளவு கலந்திருந்த அயோடைடு. சாம்பாருக்கு உப்பு மாறினால் தெரியும். உப்புக்குள் இருக்கும் அயோடின் மாறினால் சாம்பார் இட்லியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? இங்கே அப்படித்தான் ஆயிற்று.

கூழ்மம் வேண்டாம், தகட்டிலேயே வரிசையாகச் செதுக்கிவிடலாம் என்பவர்கள் இன்னொரு கட்சி. எலெக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு புள்ளியாக வரையலாம். துல்லியம், ஆனால் நேரமும் செலவும் எக்கச்சக்கம். எனக்குப் பிடித்தது வான் டைன் குழு வளர்த்தெடுத்த பாசிமணி முறை. சில நூறு நானோமீட்டர் அளவுள்ள பாலிஸ்டைரின் மணிகளைக் கண்ணாடியில் ஒரே அடுக்காகப் பரப்பினால் தேன்கூடு போல அவையே நெருங்கி அடுக்கிக்கொள்ளும். மூன்று மணிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன சந்து. வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கி மேலே பொழிந்துவிட்டு மணிகளை நீக்கினால், சந்து இருந்த இடமெல்லாம் முக்கோணம். மார்கழி மாதம் கடையில் கோல அச்சுத் தட்டு விற்பார்களே, ஓட்டை போட்ட தகரம், அதன் மேல் மாவைத் தூவி எடுத்தால் கோலம் விழும். அதேதான் இது. மணிகளை எடுக்காமல் அவற்றின் மேலேயே உலோகத்தை மூடிவிடுவதும் உண்டு. அந்த மேடுபள்ளத் தகடு இன்னும் உறுதியானது.

இப்போது அந்த நான்காம் படியின் சாபம். 2008இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டானா ட்லாட் குழு அப்படி மணிமேல் வெள்ளி மூடிய தகடு ஒன்றை எடுத்து, ஒளி எந்தெந்த இடத்திலிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தது. மிகக் கடுமையான ஒளிமடுக்களில் இருந்த மூலக்கூறுகள் பத்து லட்சத்தில் 63தான். மொத்த ஒளியில் 24 சதவீதம் அந்த 63 கொடுத்தது. இன்னொரு முனையில், நூற்றில் 61 மூலக்கூறுகள் சேர்ந்து கொடுத்தது வெறும் 4 சதவீதம். பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் 63 பேர் கால்பங்கு வரி கட்டினால் அந்த ஊரின் வரவு செலவை எப்படித் திட்டமிடுவது? அவர்களில் பத்துப் பேர் வெளியூர் போனாலே கஜானா ஆடிவிடும். செர்ஸ் அளவீடு ஒவ்வொரு தடவையும் ஆடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. தங்கமோ வெள்ளியோ, ஒளி வருவது அந்தச் சில இடுக்குகளிலிருந்து. அரை நானோமீட்டர் அகன்றால் போச்சு.

இந்தத் துறை அந்த இடுக்கின் உச்சத்தைக் கொண்டாடிய அளவுக்கு அதன் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். 1997இல் கத்ரின் நைப் குழுவும், நீ, எமரி இருவரும் தனித்தனியே ஒற்றை மூலக்கூறின் ராமன் ஒளியைக் கண்டதாக அறிவித்தார்கள். பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் பெருக்கம் நூறு லட்சம் கோடி மடங்கு என்று அன்று எழுதப்பட்ட எண் எல்லார் தலையிலும் ஏறிக்கொண்டது. அவர்கள் பார்த்தவை இயல்பாகவே உரக்கப் பேசும் சாயப்பொருள்கள். அவ்வளவு பெருக்கம் தேவையே இல்லை என்று பின்னால் நிதானமாகக் கணக்குப் போட்டவர்கள் காட்டினார்கள். அதற்குள் உலகம் முழுக்க எண் போட்டி நடந்துவிட்டது. என் மாணவர்களும் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஒரு வாரம் முழுக்க ஒரு மாதிரியில் பிரமாதமான ஒளி என்று குதித்தோம். அலை எண் 1350இலும் 1580இலும் இரண்டு பருத்த மேடுகள். லேசரைக் கூட்டி வைத்ததில் மாதிரி கருகிவிட்டது. நாங்கள் கண்டுபிடித்தது கரி.

ஒரு பொருள் தங்கத்தில் ஒட்டுமா என்பதும் பெரிய கேள்வி. நம் விவசாயிகள் விதை நேர்த்திக்குக் கலக்கும் திரம் என்ற பூஞ்சாணக் கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்திருக்கின்றன. தங்கத்தைக் கண்டதும் அந்தப் பிடி விட்டு, இரண்டு பாதிகளும் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அலை எண் 1380 பக்கம் ஒரு கோடு ஓங்கி எழும். அதனால்தான் தங்கத்தில் யார் புதுத் தகடு செய்தாலும் முதலில் திரத்தைக் காட்டுகிறார்கள். கொஞ்சம் ஏமாற்றுத்தான். தேர்வில் தெரிந்த கேள்வியை மட்டும் எழுதிவிட்டு வருவது போல. குளுக்கோஸைக் காட்டுங்கள் என்றால் தங்கம் கைவிரித்துவிடும். சர்க்கரை அதில் ஒட்டாது. வான் டைன் குழு உலோகத்தின் மேல் கொழுப்பு போன்ற ஒரு மெல்லிய அடுக்கைக் கட்டி, குளுக்கோஸை அதில் தங்கவைத்துத்தான் பார்க்க முடிந்தது.

2010இல் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் டியான் குழு ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. தங்கத் துகளுக்குச் சில நானோமீட்டர் கனத்தில் சிலிக்காச் சட்டை போட்டார்கள். சட்டை மெல்லியதாக இருப்பதால் ஒளி வெளியே வரும். தங்கம் எதையும் நேரடியாகத் தொடாது. அந்தத் துகள்களை ஆரஞ்சுத் தோலின் மேல் தூவி லேசரைக் காட்டினார்கள். தோலில் இருந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்தின் ரேகை எழுந்தது. பழத்தை அரைக்கவில்லை, சாறு எடுக்கவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் லேசரால் உலோகத்தை நுணுக்கி, வடிதாளில் படியவைத்து, வெடிபொருள் சுவடுகளைத் தேடும் வேலை நடக்கிறது. சிகாகோ கலைக்கூடத்தில் ரெனுவார் 1883இல் தீட்டிய ஒரு சீமாட்டியின் உருவப்படத்தில் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. சட்டத்துக்கு அடியில் வெயில் படாமல் மறைந்திருந்த ஓரத்திலிருந்து எடுத்த துணுக்கில், பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சாயத்தை இந்த முறைதான் காட்டிக்கொடுத்தது. அங்கே வேலை செய்தது வெள்ளி. தங்கப் பேச்சாளன் என்பதால் அதை மறைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு துளியைப் பற்றி. மேசையில் சிந்திய டிகாஷன் காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் மட்டும் கருவளையம் விழும். ஓரம் சீக்கிரம் உலர்வதால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடி, பொடியையும் அடித்துக்கொண்டு போகிறது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை நேச்சர் இதழில் விளக்கினார்கள். எங்கள் தங்கத் துளியும் அப்படியேதான் காயும். வளையத்தில் லேசரை வைத்தால் அமோகம். அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் பூஜ்யம். எங்கே வைத்து அளந்தாய் என்று கேட்டால் மாணவன் விழிப்பான். இப்போது நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: நல்ல நிறமாலையை என்னிடம் காட்டாதே, ஒரே தகட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த நூறு நிறமாலையைக் கொண்டுவா. அந்த நூறில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மார்க்கெட்டில் ஒரு கூடைத் தக்காளியைச் சோதிக்கிற ஆளுக்குத் தேவை ஒற்றை மூலக்கூறு இல்லை. இன்றைக்குச் சொன்ன எண்ணை நாளைக்கும் சொல்கிற தகடு.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளைத் தேநீரோடு வைத்துக்கொள்வோம். மாணவர்கள் மேசைப் பக்கம் வந்து குப்பிகளைப் பார்க்கலாம், கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் சிவப்புக் குப்பிக்குள் ஒளியின் பாதை தெரியும். ஆனால் வெளியே பஜ்ஜி கொடுக்கிறார்கள் என்று வாசம் சொல்கிறது. உப்புக் கையோடு சிவப்புக் குப்பியின் மூடியைத் திறந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் இன்னொரு கல்லூரிக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும்.